சாய்ஸில் விடப்படும் கணக்குகள்: கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு,

பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுப்பவன் நான். நீங்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் என் வகுப்பு நிற்கிறது. அந்த உரிமையில் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மாணவர்களுக்குச் சமன்பாட்டைத் தீர்க்க நன்றாகவே தெரிகிறது. கரும்பலகையில் ய² − 9ய + 18 = 0 என்று எழுதினால் வகுப்பில் பாதிப்பேர் பேனாவைத் திறக்காமலே 3, 6 என்று சொல்லிவிடுகிறார்கள். (இந்த மடலில் மாறியை ‘ய’ என்று குறிக்கிறேன், வகுப்பில் நீங்கள் வழக்கம்போல் எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.) காரணிப்படுத்த முடியாவிட்டால் சூத்திரத்துக்குப் போகிறார்கள். முப்படிக் கோவை என்றால் தொகுமுறை வகுத்தலைப் பிசகில்லாமல் செய்கிறார்கள். அதற்கு உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் அதே பிள்ளைகளிடம் சமன்பாட்டைத் தராமல் ஒரு சூழ்நிலையை மட்டும் தந்தால், ஓர் அட்டை, ஒரு தவணைக் கடன், பிரேக் பிடிக்கும் ஒரு பைக் என்று எதைத் தந்தாலும், வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது. “ஈக்வேஷன் மட்டும் சொல்லுங்க சார், சால்வ் பண்ணிடறோம்” என்கிறார்கள். பள்ளியில் இந்த மாதிரிக் கணக்குகள் போட்டதில்லையா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அதையெல்லாம் சாய்ஸ்ல விடச் சொன்னாங்க சார்.”

இந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தேர்ச்சி விகிதம் குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எமிஸ் பதிவு ஒரு பக்கம், பயிற்சி வகுப்புகள் ஒரு பக்கம், தேர்தல் பணி இன்னொரு பக்கம். மெல்லக் கற்போருக்கென்று வரும் கையேடுகளைப் பாருங்கள்: வரைபடம் போடு, வடிவியல் வரைந்து பழகு, வாய்பாட்டை நேராகப் போடும் கணக்கைப் பிடி, மதிப்பெண் நிச்சயம். அந்தப் பட்டியலில் வாழ்க்கைக் கணக்குக்கு இடம் கிடைப்பதில்லை, ஏனென்றால் அதற்கு நிச்சயம் இல்லை. ஒரு பையன் தேறிவிட வேண்டும் என்ற உங்கள் தவிப்பை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேறி வந்த பிறகு அவன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவன் நான். யாரோ எழுதித் தரும் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு மட்டும் பழகிய ஒரு கை இருக்கிறது. அந்த வேலையை இன்று கைப்பேசி ஒரு நொடியில் செய்துவிடும். கேள்வித்தாளைப் படம் பிடித்துக் காட்டினால் வழிமுறையோடு சேர்த்தே விடை வருகிறது. வாழ்க்கையோ யாருக்கும் கேள்வித்தாளாக வருவதில்லை. எதைத் தேட வேண்டும், எதற்கு ‘ய’ என்று பெயர் வைக்க வேண்டும், எது எதற்குச் சமம் என்பதை நாம்தான் பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இயற்கணிதம் பிறந்ததே அந்தத் தேவைக்காகத்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி தம் நூலை எழுதியபோது, சொத்துப் பங்கீடு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டியிருக்கும் கணக்கு இது என்று சொல்லித்தான் தொடங்கினார். அவர் கையில் குறியீடுகள்கூட இல்லை. எல்லாவற்றையும் சொற்களால் எழுதினார். சொல்லில் இருப்பதைச் சமன்பாடாக்குவதுதான் அவருக்குப் பாடம். நாமோ சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஒரு வண்டுக் கணக்கு இருக்கிறது, நினைவிருக்கும். கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவு வண்டுகள் ஒரு மரத்துக்குப் போகின்றன, ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போகின்றன, மிச்சம் இரண்டு தாமரையில் மாட்டிக்கொள்கின்றன, மொத்தம் எத்தனை? 1150-ஐ ஒட்டி பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் வரும் கணக்கு அது. பாஸ்கரர் மொத்த எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டார். நம் புத்தகம் “2ய² வண்டுகள் கொண்ட கூட்டம்” என்று தொடங்கிவிடுகிறது. கணக்கின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாதியை எடுத்து அதற்கு வர்க்கமூலம் காண வேண்டும் என்பதால் மொத்தத்தை 2ய² என்று வைத்தால் வேலை எளிது என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அது. அதை நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 2ய² − 9ய − 18 = 0 என்ற இன்னொரு காரணிப்படுத்தல்தான்.

இந்தக் கணக்கை நான் வகுப்பில் பாஸ்கரர் கேட்டபடியே கேட்கிறேன். பெரும்பாலோர் மொத்தத்தையே ‘ய’ என்று வைக்கிறார்கள். வர்க்கமூலம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைத் தனியாக்கி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, தட்டுத் தடுமாறி 2ய² − 153ய + 648 = 0 என்ற இடத்துக்கு வருகிறார்கள். தன்மைகாட்டி 18,225. அது 135-இன் வர்க்கம் என்று கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். விடைகள் 72, நாலரை. நாலரை வண்டு எப்படி வந்தது என்று உடனே ஒரு சண்டை தொடங்கும். வர்க்கப்படுத்தியபோது, கழித்தல் குறியுள்ள வர்க்கமூலத்துக்குப் பொருந்தும் ஒரு விடையும் உள்ளே நுழைந்துவிட்டது என்பதை அவர்களே கிளறி எடுப்பார்கள். அதற்குப் பிறகு 2ய² என்று வைத்துப் பாருங்கள் என்று சொன்னால் அந்தச் சுருக்கு வழியின் அருமை புரிகிறது. இது ஒரு பீரியட் முழுவதையும் விழுங்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஒரு பீரியடில் அவர்கள் கற்றது பயிற்சிக் கணக்குகள் இருபதில் இல்லை.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நாளைக்கே செய்து பார்க்கக்கூடியது இது. நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ. உள்ள ஓர் அட்டை. பழைய காலண்டர் அட்டையே போதும். நான்கு மூலைகளிலும் ஒரே அளவுச் சதுரங்களை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களை மடித்தால் மேல்மூடி இல்லாத பெட்டி கிடைக்கும். சரியாக ஒரு லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. கொள்ள வேண்டும். எவ்வளவு வெட்டுவது? கேள்வி இவ்வளவுதான். படம் போடாதீர்கள், ‘ய’ எது என்று சொல்லாதீர்கள். அட்டையையும் கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

முதலில் எல்லாரும் மௌனமாக இருப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி ஒரு மூலையை மடித்துப் பார்ப்பாள். வெட்டிய சதுரத்தின் பக்கம்தான் பெட்டியின் உயரமாகிறது என்பது கையில் மடிக்கும்போதுதான் தெரிகிறது. நீளத்திலிருந்து ஒரு ‘ய’ போகிறதா இரண்டு போகிறதா என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தைத் தீர்த்து வைக்காதீர்கள்; அட்டையே தீர்த்து வைக்கும். கடைசியில் ய(30 − 2ய)(20 − 2ய) = 1000 என்று யாரோ எழுதுவார்கள். விரித்துச் சுருக்கினால் ய³ − 25ய² + 150ய − 250 = 0. இங்கிருந்துதான் நீங்கள் கற்றுத்தந்த வித்தை அவர்களுக்குக் கைகொடுக்கிறது. 5 போட்டுப் பார்த்தால் பூச்சியம் வருகிறது. தொகுமுறை வகுத்தலில் மிஞ்சுவது ய² − 20ய + 50 = 0. அதன் மூலங்கள் ஏறத்தாழ 2.93, 17.07.

மூன்று விடைகள். பரீட்சைத் தாளாக இருந்தால் முழு எண்ணான 5-ஐ வட்டமிட்டுவிட்டு மற்றவற்றைப் பிள்ளை பார்க்கவே மாட்டான். அட்டை கையில் இருப்பதால் பார்க்கிறான். 17.07 செ.மீ. சதுரத்தை 20 செ.மீ. அகல அட்டையின் இரண்டு மூலைகளிலும் வெட்ட முடியாது. அப்படியானால் சமன்பாடு அதை ஏன் விடையாகத் தந்தது? நீளமும் எதிர்மறை, அகலமும் எதிர்மறை, இரண்டும் பெருகி நேர்மறையாகிவிட்டன. சமன்பாட்டுக்கு அட்டையைத் தெரியாது. நாம் சொன்னதை மட்டும் தெரியும். 2.93-ஐ ஒதுக்க ஒரு காரணமும் இல்லை. அதுவும் ஒரு லிட்டர் பெட்டிதான்: 24 செ.மீ.க்குச் சற்று மேல் நீளம், 14 செ.மீ.க்குச் சற்று மேல் அகலம், 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த உயரம். 5 செ.மீ. வெட்டினால் 20-க்கு 10 அடிப்பாகமுள்ள உயரமான பெட்டி. இரண்டையும் செய்து ரவையைக் கொட்டி அளந்து பாருங்கள். லட்டை அடுக்க வேண்டுமா, மைசூர்பாகை ஒரே வரிசையில் பரப்ப வேண்டுமா என்பதைப் பொறுத்துக் கடைக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். எது சரி என்ற கேள்வி அங்கே கணிதத்தை விட்டு வெளியே வந்து வாழ்க்கைக்குள் நுழைகிறது.

அதே அட்டையில் 1100 கன செ.மீ. பெட்டி கேட்டுப் பாருங்கள். முப்படிச் சமன்பாட்டுக்கு ஒரு மெய் மூலமாவது இருந்தே தீரும், இங்கேயும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது 17-க்கும் 18-க்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. அட்டைக்குள் ஒன்றும் இல்லை. வரைபடம் போட்டால் ஏன் என்று தெரியும்: வெட்டும் அளவைக் கூட்டக் கூட்டக் கொள்ளளவு ஏறி, 4 செ.மீ.க்குச் சற்று முன்னால் 1056 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. எட்டு மதிப்பெண்ணுக்கு வரைபடம் போட்டுப் போட்டு உங்கள் பிள்ளைகளின் கை தேய்ந்திருக்கிறது. அந்த வளைகோடு எதைச் சொல்கிறது என்று கேட்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதை இந்த ஓர் அட்டை தந்துவிடும்.

“ய = −80 என்பது பொருந்தாது.” உங்கள் மாணவர்கள் எல்லாரும் எழுதும் வாக்கியம் இது. சென்னையிலிருந்து விருத்தாசலம் வரை 240 கி.மீ., விரைவு ரயிலைவிடப் பயணிகள் ரயில் மணிக்கு 20 கி.மீ. மெதுவாக ஓடி ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்ற பாடநூல் கணக்கில் வருவது. பயணிகள் ரயிலின் வேகத்தை ‘ய’ என்று வைத்தால் ய² + 20ய − 4800 = 0; மூலங்கள் 60, −80. வேகம் எதிர்மறையாக இருக்காது, அடித்துவிடு, முடிந்தது. சரிதான், ஆனால் ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள்: விரைவு ரயிலின் வேகம் எவ்வளவு? 80. அடித்துவிட்ட எண்ணுக்குள் மற்ற ரயில் இருக்கிறது! அது தற்செயல் இல்லை. மெதுவான ரயிலின் வேகத்துக்குப் பதில் வேகமான ரயிலின் வேகத்தைக் குறி மாற்றிப் போட்டாலும் அதே சமன்பாடுதான் வரும். இதைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை ஒரு மூலத்தை அடிக்கும் முன் அதன் முகத்தைப் பார்ப்பான்.

மூலத்தை ஏற்பதா தள்ளுவதா என்ற இந்த விசாரணையை பாஸ்கரரும் செய்திருக்கிறார். பீஜகணிதம் என்ற அவருடைய நூலில் இரண்டு குரங்குக் கணக்குகள் உண்டு. கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மிச்சம் 12 குன்றின் மேல் இருக்கின்றன. விடை 48 அல்லது 16. இரண்டும் சூழ்நிலைக்குப் பொருந்துவதால் இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்ததில், ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து வர்க்கம் எடுத்தால் வரும் அளவு குகைக்குள் போய்விட்டது, ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. விடை 50 அல்லது 5. ஐந்து குரங்கு என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று, அதில் மூன்றைக் கழிக்க முடியாது என்று சொல்லி 5-ஐத் தள்ளிவிட்டார். ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரு கணக்கில் இரண்டு மூலங்களும் உள்ளே, மறு கணக்கில் ஒன்று வெளியே. இரண்டு கணக்கிலும் மூலங்கள் எல்லாம் நேர்மறை என்பதைக் கவனியுங்கள். “எதிர்மறை என்றால் தள்ளு” என்ற மனப்பாடம் இங்கே ஒரு பைசாவுக்கு உதவாது.

பெட்டியும் வண்டும் விளையாட்டாகத் தோன்றலாம். பணத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கும்: கைப்பேசி, வாஷிங் மெஷின், குழுக் கடன், பைக். ஒரு பொருளின் விலை 21,000 ரூபாய். இப்போது ஒன்றும் கட்ட வேண்டாம், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 12,100 வீதம் இரண்டு தவணை என்கிறார் கடைக்காரர். மொத்தம் 24,200. கூடுதல் 3,200, இரண்டு வருஷத்துக்கு, ஆக வருஷத்துக்கு ஏழரை வட்டி சொச்சம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். ஆனால் முதல் வருஷ முடிவிலேயே பாதிக்கு மேல் பணம் திரும்பிப் போய்விடுகிறதே. ஒரு ரூபாய் ஒரு வருஷத்தில் ‘ய’ ரூபாயாக வளர்கிறது என்று வையுங்கள். 21,000 ரூபாய் இரண்டு வருஷத்தில் 21,000ய² ஆகிறது. முதல் தவணை ஒரு வருஷம் வளர்ந்து 12,100ய ஆகிறது, இரண்டாவது அப்படியே நிற்கிறது. சமப்படுத்திச் சுருக்கினால் 210ய² − 121ய − 121 = 0. தன்மைகாட்டி 341-இன் வர்க்கம். ய = 1.1. வட்டி பத்து சதவீதம்.

மாதத் தவணைக்கு வந்தால் இது இன்னும் சுடும். பத்தாயிரம் கடன், “பிளாட் ரேட் பன்னிரண்டு சதவீதம்,” ஒரு வருஷம். 11,200-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 933 ரூபாய் 33 காசு. ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது; வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழுப் பத்தாயிரத்துக்கும் போட்டது. உண்மையான வட்டி எவ்வளவு? மேலே செய்ததைப் போலவே எழுதினால் பன்னிரண்டாம் படிச் சமன்பாடு வருகிறது. ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் இருபடிக்கு இருப்பதுபோல் பொதுவான சூத்திரம் கிடையாது என்று 1824-இல் ஏபெல் நிறுவிவிட்டார். அதனால் வழி அடைந்துவிட்டதா? இல்லை. கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மாத வட்டியை 1 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால், கட்டிய தவணைகள் கடனைவிட அதிகமாக வளர்ந்து நிற்கின்றன. 2 சதவீதம் என்றால் கடன் முந்திவிடுகிறது. விடை இடையில் இருக்கிறது. ஒன்றரை வைத்துப் பாருங்கள், இன்னும் போதாது. 1.75, போதாது. 1.8, கூடிவிட்டது. இப்படி நெருக்கிக்கொண்டே போனால் 1.79-ஐ ஒட்டி வந்து நிற்கும். வருஷத்துக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரை சதவீதம்.

பன்னிரண்டு என்று சொல்லி இருபத்தொன்றரை வாங்கப்படுகிறது. இதைத் தானே கண்டுபிடிக்கும் பத்தாம் வகுப்புப் பெண், அன்று மாலை வீட்டில் அம்மாவின் கடன் அட்டையை எடுத்துப் பார்க்காமல் இருப்பாளா? காரணிப்படுத்தலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அவர்களுக்குக் கருவி தெரிகிறது, அதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியவில்லை.

பைக்கைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் என் வகுப்புப் பையன்கள் பலரிடம் வண்டி இருக்கிறது. 50 மீட்டர் முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கிறது. பார்த்துப் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி. பிறகு வேகம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்துக்குள் வந்தால் மோதாமல் நிற்கலாம்? வேகத்தை விநாடிக்கு ‘ய’ மீட்டர் என்று வைத்தால் ய² + 10ய − 500 = 0 வருகிறது; விடை மணிக்குச் சுமார் 64 கி.மீ. மழையில் பிடிமானம் பாதியானால் அது சுமார் 48 ஆகிவிடும். பிடிமானம் பாதியானால் வேகமும் பாதியாக வேண்டுமே என்று ஒருவன் கேட்பான். ஏன் அப்படி ஆகவில்லை என்பதை அவனே சமன்பாட்டுக்குள் தேடட்டும். ஒரு விநாடி என்பது நாம் வைத்துக்கொண்டது, 5 என்பதும் நாம் வைத்துக்கொண்டதுதான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால் அந்த ஒரு விநாடி இரண்டாகும், அப்போது என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அனுமானத்தை மாற்றினால் விடை மாறும் என்பதை இங்கே கற்றுக்கொள்பவன், பின்னால் எந்தப் பொறியியல் வேலைக்குப் போனாலும் எண்ணைக் கண்மூடித்தனமாக நம்ப மாட்டான்.

இதெல்லாம் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சரி, தட்டுத் தடுமாறிப் படிப்பவர்களுக்கு எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நான் பார்த்தவரை நிலைமை நேர் எதிர். காரணிப்படுத்தலில் திணறும் பையன் அட்டையை மடிப்பதில் திணறுவதில்லை. கட்டட வேலைக்கு அப்பாவோடு போய் வந்தவன், நீளத்திலிருந்து இரண்டு ‘ய’ போகும் என்பதை வகுப்பு முதல் மாணவனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறான். கணக்கு வகுப்பில் அவன் வாய் திறக்க ஓர் இடம் கிடைக்கிறது. சூத்திரத்தைப் போட வைத்து அவனைத் தேற்றிவிடலாம். கணக்கு தனக்கும் வரும் என்ற நம்பிக்கை மட்டும், அவனே ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் வரும்.

நேரம் இல்லை என்பது இதைவிடக் கனமான எதிர்வாதம். அதற்காகத்தான் அதிகம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரே ஒரு பீரியட் தாருங்கள். அந்தப் பீரியடில் சமன்பாட்டை நீங்கள் எழுதாதீர்கள். ‘ய’ எது என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு சூழ்நிலையை மட்டும் கொடுத்து, பிள்ளைகள் தப்பான சமன்பாடு எழுதினால் அதையும் தீர்க்க விடுங்கள். விடை சூழ்நிலையோடு மோதும்போது தப்பு தானாக வெளிப்படும். தீர்த்து முடித்ததும் ஒவ்வொரு மூலத்தையும் ஏன் ஏற்றோம், ஏன் தள்ளினோம் என்று ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அன்று ஒரே கணக்குத்தான் முடிந்தது என்றால் அதுவே போதும்.

உங்கள் ஊரிலேயே கணக்குகள் இருக்கின்றன. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும் நேரத்தை வைத்து ஆழம் காண்பதும் இருபடிச் சமன்பாடுதான். உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விளைச்சல் ஓர் அளவுக்கு மேல் ஏன் இறங்குகிறது என்பதற்கு வேளாண் ஆய்வாளர்கள் இருபடிச் சார்பைத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். குறுவள மையக் கூட்டங்களில் சந்திக்கும்போது ஆளுக்கொரு கணக்கைக் கொண்டுவந்து பரிமாறிக்கொள்ளுங்கள்.

உங்களில் வினாத்தாள் எடுப்பவர்களுக்கு ஒரு தனி விண்ணப்பம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் ஒரே ஒரு வினாவை இப்படிக் கேளுங்கள்: “சமன்பாட்டை அமைக்க, தீர்க்க வேண்டாம்.” அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இன்னொரு வினாவில் சமன்பாட்டையும் மூலங்களையும் நீங்களே கொடுத்துவிட்டு, எந்த மூலம் ஏன் பொருந்தாது என்று மட்டும் கேளுங்கள். மதிப்பெண் இருக்கும் இடத்துக்கு வகுப்பறையும் போகும், கையேடும் போகும், டியூஷனும் போகும். அமைப்பதற்கு மதிப்பெண் இருக்கிறது என்று தெரிந்த அன்றே “சாய்ஸில் விடு” என்ற பேச்சு அடங்கிவிடும். பாடநூல் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பதிப்பில் அந்த 2ய²-ஐ எடுத்துவிடுங்கள். வண்டுக் கூட்டத்தின் அளவைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரம், எந்த வகுப்பானாலும், 30-க்கு 20 அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு லிட்டர் பெட்டி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டி ஒன்றுதானா, இரண்டா என்று அவர்கள் உங்களிடம் வந்து சொல்லும்வரை சமன்பாட்டை எழுதிவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்கு அடுத்த வகுப்பு எடுக்கும் ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர்